ஏரிக்குச் சேர்த்த தண்ணீர்

மூடியக்கா வீட்டில் தண்ணீர் குடித்து இரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் குடிக்காமல் எந்த உயிர் இருக்கும்? அவளும் குடிப்பாள், ஆனால் வேலை செய்யும் இடத்தில். காலை ஏழரைக்குக் கேன் கம்பெனிக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய் ஒரு செம்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செம்பு. சாயங்காலம் கிளம்பும்போது, தாகம் இருக்கிறதோ இல்லையோ, வயிறு முட்ட இரண்டு செம்பு. "ஒட்டகம் கிளம்பிடுச்சு" என்று கேன் கழுவுகிறவள் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். வீட்டில் ஒரு மனுஷன் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்க, அவர் காதில் விழும்படி மடக் மடக்கென்று குடிக்க அவளுக்குத் தொண்டை திறக்காது.

கம்பெனி என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒரு பக்கம் வண்டியில் காலிக் கேன்கள் வந்து இறங்கும். ஒருத்தி ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பாள். மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் தனியே உருட்டிவிடுவாள். சில புண்ணியவான்கள் தண்ணீர்க் கேனில் எதைத்தான் ஊற்றி வைக்க மாட்டார்கள்! பிறகு கழுவல், அலசல், நிரப்பல். கடைசியாக மூடியக்கா. மூடியை வைத்து உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி ஒரு தட்டு. கழுத்தில் பிளாஸ்டிக் உறையை மாட்டிச் சூடான காற்றைக் காட்டினால் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நானூறு, கோடையில் அறுநூறு. பதினான்கு வருஷத்தில் அவளுடைய வலது உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்டது. கால் விரல்களுக்கு நடுவில் சேற்றுப்புண் ஆறியதே இல்லை. பெயரும் அப்படி விழுந்ததுதான். இப்போது வீட்டுக்காரரைத் தவிர எல்லோருக்கும் அவள் மூடியக்காதான்.

அந்த வீட்டுக்காரருக்கும் அங்கே விழுந்த பெயர்தான், கேன்காரர். பதினெட்டு வருஷம் தோளில் கேன் சுமந்து மாடி மாடியாக ஏறி இறங்கியவர். லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடம் என்றால் மற்றவர்கள் ஜகா வாங்குவார்கள். இவர் ஒரே மூச்சில் ஏறுவார். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப் போயிருக்கும். தொழிலில் அவருக்கு ஒரு கறார் உண்டு. வாடிக்கை வீடுகளில் மாதக் கார்டு கொடுத்திருப்பார்கள். தினம் ஒரு கேன், ஒரு டிக். வீடு பூட்டியிருந்தால் அன்றைய கேன் போகாது. ஆனால் அது தொலைந்தும் போகாது, இன்னொரு நாளைக்குச் சேர்த்து இறக்க வேண்டும். மற்ற பையன்கள் மறந்த மாதிரி விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். "விட்ட கேன் சேரும்மா" என்பார், கேட்காத வீட்டம்மாவிடம்கூட.

அப்படிப்பட்டவருக்குக் கால் வீங்கியது. மாடி ஏறுகிற வீக்கம் என்று நினைத்தார்கள். முகம் வீங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மெஷினில் படுக்க வேண்டும். உள்ளே போகிற நீர் தானாக வெளியே வராது, மெஷின்தான் எடுக்கும். அதனால் உள்ளே போவதற்கு அளவு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். டீயும் அதில்தான், மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீரும் அதில்தான். வாழ்நாள் முழுக்க ஊருக்குத் தண்ணீர் சுமந்தவருக்கு முக்கால் லிட்டர்! மூடியக்கா சாமியை வாய்விட்டுத் திட்டியது அந்த ஒரு முறைதான்.

மகள் செல்போன் கடையில் வேலை செய்கிறாள். அவள் தன் நகப்பாலிஷால் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் அளவுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். அந்தக் கோட்டை மாசக்கணக்கில் அவர் வெறுத்தார். போன வருஷக் கோடையில் ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஐஸ் தட்டு முழுவதையும் கடித்துத் தின்று, அது போதாமல் குளியலறைக் குழாயில் வாயை வைத்துவிட்டார். மறுநாள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. படுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு வாய் பிளந்தார். வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு மனுஷன் தண்ணீரில் மூழ்குவதை மூடியக்கா அன்றைக்குப் பார்த்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது பெரிது.

அதற்குப் பிறகு அவள் பெண்டாட்டியாக இருப்பதை விட்டுவிட்டுக் காவல்காரியாகிவிட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியம் அவர் மீசையைத் தொட்டுப் பார்ப்பது. ஈரம் இருந்தால் சண்டை.

"முகம் கழுவினேன்டி."

"கழுவின மூஞ்சி முழுக்க ஈரமா இருக்கும். உங்களுக்கு மீசை மட்டும் எப்படிங்க ஈரமாச்சு?"

அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சே குறைந்துபோயிற்று. உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோமோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றும்.

இது மாறியது நாற்பது நாளைக்கு முன்னால். அன்று வெயில் தகரத்தை உருக்கிவிடும் போலிருந்தது. கம்பெனி சீக்கிரம் விட்டுவிட்டது. மூடியக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாத அழுகை. கோடு போட்ட பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை. பக்கத்தில் ஒரு கேன் மூடி கிடந்தது. இவள் கம்பெனியிலிருந்து கொண்டு வந்ததுதான், மாத்திரை போட்டு வைக்க.

"ஒரே ஒரு மூடி குடு. இதுல ஒரு மூடி. தொண்டை ஒட்டிக்கிச்சு."

கொடுக்க முடியாது. கொடுக்காமல் அந்த முகத்தைப் பார்க்கவும் முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் மகள் தன் போனில் ஏரிப் படங்களைக் காட்டி, "அப்பாவைக் கூட்டிட்டு எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வருவோம்மா, எல்லாருக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்" என்று நச்சரித்து, இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அது எப்படியோ இவள் வாயில் வந்துவிட்டது.

"இன்னைக்கு விட்டுடுங்க. ஏரிக்குப் போகப் போறோம்ல? அங்கே போய்ச் சேத்துக் குடிச்சுக்கலாம்."

குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்கிறோமே, அந்த மாதிரிச் சொன்னதுதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"சேருமா?"

"சேரும், சேரும்" என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு வீடே மாறிவிட்டது. சாயங்காலமானால் மூன்று பேரும் மகளுடைய போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். செவ்வாய் மெஷினுக்குத் திரும்பிவிட வேண்டும், சனிக்கிழமை மெஷின் முடிந்து ஆள் துவண்டிருப்பார். அதனால் ஞாயிறு காலை பஸ், திங்கள் சாயங்காலம் திரும்பல். நடுவில் மூன்று ஏரி. முதலாவது பெரிய ஏரி, படகு உண்டு, படித்துறைக்கு எதிரிலேயே தங்கும் இடம். இரண்டாவது மலைமேல், மரங்களுக்கு நடுவில். மூன்றாவது வழியிலேயே வரும், பறவைகள் இறங்கும் ஏரி. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"தண்ணி உப்பா, சப்பையா?"

"அப்பா, அது பாக்கறதுக்குப்பா. யாரும் ருசி எழுதி வைக்க மாட்டாங்க."

"இதுல எத்தனை கேன் தேறும்?"

"நீங்களே சொல்லுங்க."

"உங்கம்மா ஒருத்தி மூடி போட்டா, ஏழு தலைமுறைக்குப் போட்டாலும் தீராது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூடியக்கா அடுப்படியில் நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று!

சண்டை நின்றது. மீசையைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். மெஷின் வார்டில் எடை பார்த்து, உடம்பில் ஏறிய தண்ணீரைக் கணக்கிடும் சிஸ்டர், எப்போதும் கன்னத்தில் கைவைத்துத் திட்டுகிறவள், இப்போது "அண்ணே, எங்கே படிச்சீங்க இதை? ஒன்றரை கிலோதான் ஏறியிருக்கு. மத்தவங்களுக்கும் கொஞ்சம் பாடம் எடுங்க" என்றாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடியக்கா பையை அடுக்கினாள். துண்டு, மாத்திரை டப்பா, அளவு பாட்டில், குழம்பில்லாமல் சாப்பிட ரொட்டி. அடியில் அவருடைய சட்டையை வைக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு சட்டை சுருட்டி இருந்தது. உள்ளே கனம். அவிழ்த்தாள். இரண்டு லிட்டர் பாட்டில். கழுத்து வரை தண்ணீர். வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளைச் சுற்றியிருந்தார். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பது கேன் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தானே தெரியும். கூடவே கழுவித் துடைத்த ஒரு கேன் மூடி.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேன் மூடியில் ஐம்பது மில்லி பிடிக்கும். தினமும் ஒரு மூடி. நாற்பது நாள்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"திருடிச் சேத்ததாம்மா?"

"இல்லடி. அவரோட பங்குலேர்ந்து எடுத்து வெச்சிருக்கார். விட்ட கேன் சேரும்னு. நான்தானே சொன்னேன், பாவி."

"அப்பாவுக்கு இதுகூடவா தெரியாது? ஒரே தடவையா ரெண்டு லிட்டர் குடிச்சா என்ன ஆகும்னு..."

"பதினெட்டு வருஷம் அப்படித்தானே பொழச்சார். நெசமா நம்பறார்டி. அந்த நம்பிக்கையிலதான் நாப்பது நாளா ஒழுங்கா இருக்கார்."

"கீழே ஊத்திடு."

"தூக்கிப் பாத்தே ஒரு மூடி குறைஞ்சாலும் சொல்லிடுவார். அந்தக் கை அப்படி."

"அப்ப சொல்லிடும்மா. போறதையே நிறுத்திடுவோம்."

"நிறுத்தினா இன்னைக்கே இங்கேயே குடிச்சுடுவார். சேராதுன்னு சொன்னா, இனிமே எதுக்கு விடணும்பார். மறுபடி ஐஸ் தட்டு, மறுபடி குழாய்." மூடியக்கா பாட்டிலைப் பழையபடி சுருட்டி வைத்தாள். "ரெண்டு பக்கமும் நான்தான் பள்ளம் தோண்டி வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை அவரை மெஷினில் போட்ட பிறகு, வராந்தாவில் சிஸ்டரைப் பிடித்தாள்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். தினமும் கொஞ்சம் குறைச்சுக் குடிச்சா, அந்த மிச்சம் சேருமா?"

"எங்கே சேரும்?"

"இல்ல, பின்னாடி ஒரு நாள் சேத்துக் குடிக்கறதுக்கு."

சிஸ்டர் சிரித்தாள். மூடியக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "சேராதுக்கா. குறைச்சது அன்னைக்கு உடம்புக்கு நல்லது, அதோட முடிஞ்சுது. சனியிலேர்ந்து செவ்வாய் வரைக்கும் ரெண்டு முழு நாள் மெஷின் கிடையாது. வாரத்துலேயே பயமான நாள் இதுதான். அதுல ரெண்டு லிட்டர் ஏறுச்சுன்னா, போன வருஷம் தூக்கிட்டு வந்தீங்களே, அந்த மாதிரி தூக்கிட்டு வர நேரம்கூட இருக்காது. யாரு, அண்ணனா?"

"இல்ல சிஸ்டர், சும்மா கேட்டேன்."

"இந்த வார்டுல யாரும் சும்மா கேக்க மாட்டாங்கக்கா" என்றாள் சிஸ்டர். "சொல்லிடுங்க அவர்கிட்ட. கோவப்பட்டா படட்டும்."

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் துவண்டு படுத்திருந்தார். ஞாயிறு காலை சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் ஐந்து மணிக்கே எழுந்து சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள். பையை மேலே வைக்கச் சொன்னாலும் கேட்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக வாயைத் திறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

பகல் முழுக்க அவரை அறையில் படுக்க வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனார்கள். மகள் படகுச் சீட்டு வாங்க வரிசையில் போய் நின்றாள். படம் ஒன்றும் பொய்யில்லை. அக்கரை கண்ணுக்கு எட்டாத தண்ணீர். ஓரத்தில் பச்சை, நடுவில் ஈயச் சாம்பல். காற்று அடிக்கும்போதெல்லாம் மொத்த ஏரியும் சிலிர்த்து அடங்கியது. படித்துறையில் ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏயப்பா" என்றார் கேன்காரர். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. கடைசிப் படிக்கு இரண்டு படி மேலே துண்டை விரித்து உட்கார்ந்தார். "நீயும் உக்காரு. ஒண்ணு காட்டணும்."

பையைத் திறந்தார். சட்டையை அவிழ்த்தார். கறுப்புத் தாளைப் பக்குவமாகப் பிரித்தார். வெளிச்சத்தில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"நாப்பது மூடி. எண்ணிக்கோ வேணும்னா. ஒண்ணுகூடத் திருடினது இல்ல. எல்லாம் என்னோடது. இன்னைக்கு யாரும் என் மீசையைத் தொட வேண்டாம்." சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினார்.

மூடியக்கா பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். அறுநூறு கேனை அடித்து மூடுகிற கை.

"சேராதுங்க."

"என்ன?"

"இது சேராது. அன்னைக்கு நீங்க அழுததைப் பாக்க முடியாம வாயில வந்ததைச் சொல்லிட்டேன். குடிக்காம விட்டது அன்னையோட போச்சு. நேத்து சிஸ்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இதைக் குடிச்சா நாளைக்கு மூச்சு நின்னுடும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை.

"அப்போ நாப்பது நாளா நான் விட்டதெல்லாம் எங்கே போச்சு?"

கேள்வியில் கோபம் இல்லை. கேனை எண்ணிப் பார்த்து ஒன்று குறையும்போது கேட்கிற குரல். அதுதான் அவளை அறுத்தது.

"இதோ இங்கே உக்காந்திருக்கீங்கல்ல? அங்கேதான் போச்சு. அதை விடாமக் குடிச்சிருந்தா இன்னைக்கு நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

ஒரு படகு வந்து இடித்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு மறுபடி போயிற்று.

"பதினெட்டு வருஷம் கார்டு போட்டு ஓட்டினேன். ஒரு வீட்டுல ஒரு கேன் ஏமாத்தினது இல்ல." எழுந்தார். "என்னை நீ ஏமாத்திட்டே."

"ஆமாங்க. ஏமாத்திட்டேன்."

அவள் கை பாட்டிலிலிருந்து தானாக விலகியது. அவர் அதை எடுத்துக்கொண்டு, கரையோரப் பாதையில், மரங்கள் இருந்த பக்கமாக நடந்தார். இறங்கிய தோளில் ஏதோ சுமப்பது போலவே நடந்தார். முடுக்கில் திரும்பியதும் ஆள் மறைந்துபோனார்.

மகள் சீட்டோடு வந்தாள். "அப்பா எங்கேம்மா?"

"அந்தப் பக்கம் போனார்."

"பாட்டில்?"

"கையிலதான் வெச்சிருக்கார்."

"நீ பாத்துட்டு உக்காந்திருக்கியா?" மகள் ஓடப் போனாள். மூடியக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியிலிருந்து மகளால் உருவிக்கொள்ள முடியவில்லை.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். தெரியாம குடிக்கக்கூடாதுன்னுதான் வந்தேன். தெரிஞ்சும் குடிச்சா..." மகளின் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். "ஒரு வருஷமா மீசையைத் தொட்டுப் பாத்துட்டேன்டி. இனிமே என்னால முடியாது. மனுஷனா போயிட்டு மனுஷனா வரட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கால் இரண்டும் ஓடத் துடித்தன. அரை மணி நேரம் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மகளைப் பிடித்து வைத்தாளா, தன்னையே பிடித்து வைத்துக்கொண்டாளா, யார் கண்டது. எதிரே அவ்வளவு அழகான ஏரி. அவள் கண்ணுக்கு அது கேனில் அடைபடாத வெறும் தண்ணீராக, அவளுடைய ஜென்ம விரோதியாகத்தான் தெரிந்தது.

அவர் வந்தார். தலை ஈரம். சட்டை ஈரம். மீசையில் சொட்டு நின்றது. கையில் காலிப் பாட்டில்.

"படகுக்கு நேரமாகலையா?" என்று மகளிடம் கேட்டார்.

மூடியக்கா மீசையையே பார்த்தாள். கை அதுவாக எழுந்தது. அதை மடக்கி முந்தானைக்குள் திணித்துக்கொண்டாள். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படகில் அவர் முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு வந்தார்.

அன்று இரவு அவள் கண் மூடவில்லை. அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மலைமேல் ஏரி. எண்பது படி ஏற வேண்டும். பாதியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். படி ஏறுகிற மூச்சா, நெஞ்சில் தண்ணீர் ஏறுகிற மூச்சா? மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவருடைய கணுக்காலைப் பார்த்தாள். "நாலு மாடிதான் இருக்கும்" என்று அவர் மறுபடி ஏறினார். பறவைகள் ஏரியில் ஆயிரம் பறவை இறங்கியதாக மகள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். மூடியக்காவைக் கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. டீக்கடையில் அவர் வேண்டாம் என்று கையசைத்தது மட்டும் நினைவிருக்கிறது. அளவு முடிந்துவிட்டதாலா, வயிறு நிறைந்திருந்ததாலா என்று பஸ் வீடு வந்து சேரும்வரை யோசித்தாள். இரண்டு நாளில் இரண்டு முறை மட்டும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைச் சத்தமில்லாமல் திறந்து கையேந்திக் குடித்திருந்தாள்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு மெஷின் வார்டு. கேன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷின்மேல் ஏறினார். மூடியக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "இறங்கி ஏறுங்கண்ணே."

இறங்கி ஏறினார்.

"அறுபது கிலோ நூறு. ரெண்டு கிலோ நூறுதான் ஏறியிருக்கு. ரெண்டு நாள் இடைவெளிக்கு, அதுவும் ஊர் சுத்திட்டு வந்து! தங்கம்ணே நீங்க."

மூடியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் என்னவோ ஏதோவென்று எழுந்து உட்கார்ந்தார்.

ஊசி ஏற்றி, குழாய்களில் சிவப்பு ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"கேட்டிருக்கலாம்ல நீ."

"எதை?"

"பாட்டில் எப்படிக் காலியாச்சுன்னு."

"கேட்டா நீங்க சொல்லுவீங்க. அதை நான் நம்பணுமே. அந்தத் தெம்பு இல்லைங்க எனக்கு."

"தலையில ஊத்திக்கிட்டேன். மொத்தத்தையும். மொதல்ல குடிக்கலாம்னுதான் போனேன், பொய் சொல்லலை. வாய்கிட்ட கொண்டு போயிட்டேன். அப்புறம், இங்கே உக்காந்திருக்கீங்கல்ல, அங்கேதான் போச்சுன்னு சொன்னியே, அது வந்து நின்னுடுச்சு. ஊத்திட்டேன். மீசை வழியா அரை மூடி உள்ளே போயிருக்கும், அது என் தப்பு இல்ல." ஊசி குத்தியிருந்த கையைப் பார்த்தார். "திரும்பி வரப்போ மீசையைத் தொடுவியோன்னு பாத்தேன். நீ தொடலை. ரெண்டு நாளா ஏரியைப் பாக்கலை நான், அதைத்தான் யோசிச்சேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கீழ் உதடு வெடித்து ரத்தம் பொடித்தது.

அவர் அதைக் கவனித்தார். "கம்பெனிக்குப் போய் எத்தனை நாளாச்சு நீ?"

"சனியிலேர்ந்து போகலை. ஏன்?"

"அதான் உதடு இப்படி இருக்கு. நீ எங்கே குடிக்கிறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" வார்டு மூலையில் இரும்புத் தாங்கியில் ஒரு கேன் கவிழ்ந்து நின்றது. அவளுடைய கம்பெனிக் கேன்தான். ஊசி இல்லாத கையால் அதைக் காட்டினார். "போய் ஒரு தம்ளர் பிடிச்சிட்டு வா."

"உங்களுக்கா? இப்ப வேண்டாங்க."

"எனக்கில்ல. உனக்கு. இங்கே வந்து குடி, என் முன்னாடி."

"உங்க முன்னாடி எப்படிங்க..."

"குடிடி. அந்தச் சத்தத்தைக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு."

அவள் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலருகே நின்று, அண்ணாந்து, முதல் வாய் பயந்து பயந்து விழுங்கினாள். அதற்குப் பிறகு தொண்டை திறந்துகொண்டது. மடக் மடக்கென்று வார்டு முழுக்கக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவளுடைய ஒவ்வொரு வாய்க்கும் அவருடைய குரல்வளையும் ஏறி இறங்கியது.

தம்ளர் காலியானதும், கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னொண்ணு?"

மூடியக்கா போய் இன்னொரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்தாள்.